உடல் எடையைக் குறைக்கும் முழுமையான வாழ்க்கைமுறைத் திட்டம்: மூத்தோருக்கான ஒரு பாடம்

"எடையைக் குறையுங்கள்" என்று மருத்துவர் சொல்லாத நாள் இல்லை. எப்படிக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது, யாரிடம் உதவி கேட்பது என்பதை உட்கார்ந்து விளக்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. அதை விளக்கவே இந்தப் பாடம். இது 60 வயதை ஒட்டியவர்களுக்கும் அதைக் கடந்தவர்களுக்கும் எழுதப்பட்டது. ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளில், வீட்டில் உள்ளவர்களோடு சேர்ந்து படியுங்கள்.

இந்தப் பாடத்தில் நீங்கள் தெரிந்துகொள்வது

- உங்கள் எடை உடலுக்கு ஆபத்தா என்று நீங்களே அளந்து பார்ப்பது
- எத்தனை கிலோ குறைத்தால் பலன் கிடைக்கும் என்பது
- உணவு, உடற்பயிற்சி, பழக்கமாற்றம் மூன்றையும் ஒன்றாகச் செய்வது ஏன் என்பது
- மூத்தோர் எடை குறைக்கும்போது தசையைக் காப்பாற்றுவது எப்படி என்பது
- கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும் என்பது

1. பினாங்கில் இது ஏன் நம் பிரச்சினை?

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் படகில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களும் நம் தாத்தா, அப்பா தலைமுறையினர். காவடிபோல் தோளில் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியும் தொங்கவிட்டு, அந்தத் தொழிலாளிகளுக்கு விற்றதில் பிறந்ததுதான் நாசி கண்டார். நாள் முழுவதும் மூட்டை தூக்குகிறவருக்கு அந்தத் தட்டு பொருத்தமான சாப்பாடு.

இன்று சரக்கைக் கொள்கலனில் பாரந்தூக்கி ஏற்றுகிறது. நாம் பணி ஓய்வு பெற்றுவிட்டோம். மின்தூக்கி உள்ள அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். வேலை போய்விட்டது, தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. "கறி பஞ்சிர்" என்று கேட்டு வாங்கும் பழக்கமும் அப்படியே இருக்கிறது.

சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி 2019இல் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2023இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. 2019 ஆய்வில் இனவாரியாகப் பார்த்தபோது இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர்.

உடல் பருமன் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, இதய நோய், பக்கவாதம், மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், சில வகைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு அது வழி திறந்துவிடுகிறது. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் இல்லாவிட்டால் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் வரை போகலாம். நம் வயதில் இன்னொன்றும் உண்டு: பிறர் கையைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுவது, தானே குளிப்பது, கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ தானே போய் வருவது. எடை கூடி, தசை குறைந்தால் முதலில் கைவிட்டுப் போவது இந்தச் சுதந்திரம்தான்.

2. உங்களை நீங்களே அளந்து பாருங்கள்

இரண்டு அளவுகள் போதும்.

*உடல் நிறைச் சுட்டெண்.* எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுக்க வேண்டும். ஓர் உதாரணம்: ஓர் அம்மாவுக்கு எடை 72 கிலோ, உயரம் 1.55 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 72ஐ 1.55ஆல் வகுத்தால் 46.5. அதை மறுபடி 1.55ஆல் வகுத்தால் 30. இதுதான் அவருடைய சுட்டெண்.

மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி:

- 23 முதல் 27.4 வரை: அதிக எடை
- 27.5ம் அதற்கு மேலும்: உடல் பருமன்

மேல்நாட்டுப் புத்தகங்களில் இந்த எல்லை 25, 30 என்று இருக்கும். ஆசியர்களுக்கு எல்லையைக் குறைத்து வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே சுட்டெண் உள்ள ஐரோப்பியரைவிட நம் உடலில், குறிப்பாக வயிற்றுக்குள், கொழுப்பு அதிகம். இனிப்பு நீரும் குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது.

*இடுப்புச் சுற்றளவு.* கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக்கூடாது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதை எட்டினாலோ தாண்டினாலோ வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று பொருள். கைகால் மெலிந்து, எடை சரியாக இருந்து, தொப்பை மட்டும் உள்ளவர்கள் நம்மில் பலர். அவர்களும் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியவர்களே.

> கவனிக்க: நீங்கள் முயற்சி எதுவும் செய்யாமலே எடை தானாகக் குறைந்து வந்தால் மகிழ வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். கால் வீங்கி, மூச்சு வாங்கி, சில நாளிலேயே எடை கூடினாலும் அது கொழுப்பு அல்ல, உடலில் தேங்கும் நீராக இருக்கலாம். அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

3. எவ்வளவு குறைத்தால் போதும்?

இருபது வயதில் இருந்த எடைக்குத் திரும்ப வேண்டியதில்லை. இப்போதுள்ள எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, முழங்கால் வலி ஆகியவற்றில் நல்ல மாற்றம் தெரியும். நம் உதாரணத்தில் 72 கிலோ உள்ள அம்மாவுக்கு அது 3.6 முதல் 7.2 கிலோ. அதையும் ஆறு மாதத்தில், வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வீதம் குறைத்தால் போதும்.

இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. அமெரிக்காவில் இனிப்பு நீர் வரும் நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு மெட்ஃபோர்மின் மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு வாழ்க்கைமுறைத் திட்டம்: எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, 16 பாடங்கள் படிப்பது. மாத்திரை இனிப்பு நீர் வருவதை 31 விழுக்காடு குறைத்தது. வாழ்க்கைமுறைத் திட்டம் 58 விழுக்காடு குறைத்தது. அதிலும் 60 வயதைக் கடந்தவர்களிடம் 71 விழுக்காடு. "இந்த வயதில் மாறி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

நம்மவரிடம் இது எடுபடுமா? சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளிவந்தது. சோறும் தோசையும் சாப்பிடுகிற மக்களிடம் நடந்த ஆய்வு அது. வாழ்க்கைமுறை மாற்றம் இனிப்பு நீர் வருவதை 28.5 விழுக்காடு குறைத்தது. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. இருந்தும் பலன் கிடைத்தது. ஆகவே சில வாரம் தராசு முள் நகராவிட்டாலும் நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கைவிடாதீர்கள். உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

4. முழுமையான திட்டம் என்றால் என்ன?

விறகடுப்புக்கு மூன்று கல் வேண்டும். ஒரு கல்லை எடுத்துவிட்டால் பானை நிற்காது. எடை குறைப்பும் அப்படித்தான்.

- முதல் கல்: உணவு
- இரண்டாம் கல்: உடற்பயிற்சி
- மூன்றாம் கல்: பழக்கமாற்றம்

நடை மட்டும் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 100 முதல் 150 கிலோகலோரி. நடந்து முடித்துவிட்டு ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டால் உள்ளே போவது சுமார் 300. அப்படியானால் உணவை மட்டும் குறைத்தால் போதாதா? போதாது. கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். உணவு, பயிற்சி இரண்டையும் தொடங்கி, பழக்கத்தை மாற்றாவிட்டால் தீபாவளி வரும்போது எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

நான்காவதாக ஒன்றும் வேண்டும்: தொடர்ந்து சந்திக்க ஓர் ஆள். ஒரு தாளில் உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்து அனுப்பினால் பலன் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 2013இல் வெளிவந்த அமெரிக்க இதய மருத்துவ வழிகாட்டி, ஆறு மாதத்தில் 14 முறையாவது பயிற்சி பெற்ற ஒருவரைத் தனியாகவோ குழுவாகவோ சந்திக்க வேண்டும் என்கிறது. அதன்பின் ஓராண்டாவது தொடர்பு வேண்டும். எடை பார்ப்பார், குறிப்பேட்டைப் படிப்பார், எங்கே தடுக்கியது என்று கேட்பார். அந்தக் கேள்விதான் மருந்து.

நம் நாட்டிலும் இம்முறை சோதிக்கப்பட்டிருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளில் இருந்த இல்லத்தரசிகளுக்காக "மை பி.எஃப்.எஃப். அட் ஹோம்" என்ற திட்டத்தைச் சுகாதார அமைச்சின் ஆய்வாளர்கள் நடத்தினார்கள். உணவு ஆலோசனை, குழுவாக உடற்பயிற்சி, அடி எண்ணும் கருவி, உணவுக் குறிப்பேடு எல்லாம் அதில் இருந்தன. முதல் ஆறு மாதம் எடை குறைக்க, அடுத்த ஆறு மாதம் குறைத்ததைக் காக்க என்று அது பிரிக்கப்பட்டிருந்தது.

5. முதல் கல்: உணவு

நம் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓட்ஸும் சாலட்டும் சாப்பிடச் சொல்லவில்லை. நாளுக்கு சுமார் 500 கிலோகலோரி குறைத்தால் போதும். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம்.

*குவளையில்.* ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் சுமார் 65 கிலோகலோரி. ஒரு குவளை தே தாரிக்கில் இரண்டு கரண்டி விட்டால் 130. நாளுக்கு மூன்று குவளை குடிப்பவருக்கு டின் பாலில் மட்டும் ஏறத்தாழ 400 கிலோகலோரி. "தே ஓ கோசோங்" என்று கேட்டுப் பழகுங்கள். உடனே முடியாவிட்டால் முதல் இரண்டு வாரம் "கூராங் மானிஸ்" கேளுங்கள். நாக்கு பழகிக்கொள்ளும்.

*தட்டில்.* சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செபாரோ" முறை எளிமையானது.

- தட்டில் கால் பங்கு: சோறு, இடியப்பம், மீ போன்றவை
- கால் பங்கு: மீன், கோழி, முட்டை, பருப்பு, தாவ்ஹு, தெம்பே
- பாதித் தட்டு: காய்கறியும் பழமும்

நம் வீட்டுத் தட்டில் பாதிக்கு மேல் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் என்றுதான் இருக்கும். அதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் காயை வையுங்கள், பிறகு மீனை வையுங்கள், மிஞ்சிய இடத்தில் சோற்றை வையுங்கள். கங்கோங், சாவி, முருங்கைக்கீரை, வெண்டை, புடலை, பீர்க்கு எதுவானாலும் சரி. உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது சோற்றின் பங்கு.

*கடையில்.* நாசி கண்டார் சாப்பிட வேண்டாம் என்று பினாங்கில் யாரிடம் சொல்ல முடியும்? மாதம் ஓரிரு முறை சாப்பிடுங்கள். ஆனால் "நாசி செத்தெங்கா" என்று பாதிச் சோறு, பஞ்சிர் இல்லாமல் ஒரு கறி, பொரித்த கோழிக்குப் பதில் கறியில் வெந்த மீன், கூடவே வெண்டைக்காய் என்று கேளுங்கள். பசியாறும்போது இரண்டு ரொட்டி சானாய்க்குப் பதில் ஒரு தோசை, பருப்புச் சாம்பார், ஓர் அவித்த முட்டை போதும்.

*புரதம் குறையக்கூடாது.* வயதானவர்கள் எடை குறைக்கும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், உள்ளங்கை அளவு மீன் துண்டில் சுமார் 20 கிராம், ஒரு குவளைப் பாலில் சுமார் 8 கிராம் உண்டு. காலையில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும், இரவில் ரசஞ்சோறும் என்று முடித்துக்கொள்ளும் மூத்தோர் அதிகம். மூன்று வேளையிலும் கொஞ்சம் புரதம் இருக்கும்படி பாருங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

பட்டினி கிடப்பது இந்தத் திட்டத்தில் இல்லை. விரதமும் நோன்பும் சமய வழக்கம், அவற்றை எடை குறைப்பு முறையாக நம்ப வேண்டாம். தைப்பூசத்துக்கு 48 நாள் சுத்த சைவமாக இருந்துவிட்டு, நாற்பத்தொன்பதாம் நாள் பழைய தட்டுக்கே திரும்பினால் எடையும் திரும்பிவிடும். அந்த 48 நாளில் உங்களுக்கு மன உறுதி உண்டு என்பது மட்டும் தெரிந்துவிடுகிறது. அதைச் சிறிய அளவில் ஆண்டு முழுவதும் பயன்படுத்துவதே இந்தத் திட்டம்.

6. இரண்டாம் கல்: உடற்பயிற்சி

மூத்தோருக்கு எடை குறைப்பில் உள்ள பெரிய ஆபத்து, கொழுப்போடு தசையும் போய்விடுவது. தசை போனால் விழுவோம். இடுப்பெலும்பு முறியும்.

இதைப் பற்றி 2017இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 65 வயதைக் கடந்த, உடல் பருமன் உள்ள 160 பேர் அதில் இருந்தார்கள். உணவைக் குறைத்து நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள், எடை தூக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்கள், இரண்டையும் செய்தவர்கள் என்று பிரித்தார்கள். மூன்று பிரிவினருக்கும் எடை ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்தது. ஆனால் நடை மட்டும் செய்தவர்களுக்குத் தசையும் அதிகம் குறைந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் உடல் திறன்தான் மிக அதிகமாகக் கூடியது.

ஆகவே இரண்டும் வேண்டும்.

*நடை.* வாரம் 150 நிமிடம், அதாவது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். ஒரேயடியாக முடியாதவர்கள் பத்து பத்து நிமிடமாக மூன்று முறை நடக்கலாம். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். இதுவரை நடக்காதவர்கள் முதல் வாரம் நாளுக்கு ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

பூமலை, யூத் பார்க், எஸ்பிளனேட், கர்னி டிரைவ் கடற்கரை ஆகியவை சமதளமான, நடக்க ஏற்ற இடங்கள். வெயில் ஏறுமுன் காலையில் போங்கள். பூமலையில் குரங்குகள் இருப்பதால் கையில் உணவுப் பொட்டலம் வேண்டாம். லிட்டில் இந்தியாவின் ஐந்தடி நடைபாதையில் மேடு பள்ளமும் சாமான்களும் இருக்கும், விழுந்துவிடாமல் பார்த்து நடக்க வேண்டும். தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளை முதல் மாதமே ஏற முயல வேண்டாம். முழங்கால் வலி, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே படி ஏற வேண்டும்.

*தசைப் பயிற்சி.* வாரத்தில் இரண்டு நாள், வீட்டிலேயே செய்யலாம். ஒவ்வொன்றையும் 8 முதல் 10 முறை, இரண்டு சுற்று.

1. சுவரை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து மறுபடி உட்காருதல்
2. சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, கைகளால் சுவரைத் தள்ளுதல்
3. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல்
4. அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுதல்
5. மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்றல்

மூச்சை அடக்காதீர்கள். எழும்போதும் தூக்கும்போதும் மூச்சை வெளியே விடுங்கள்.

> உடனே நிறுத்துங்கள்: நெஞ்சு வலி, நெஞ்சில் அழுத்தம், கடுமையான மூச்சிரைப்பு, தலை சுற்றல், குளிர்ந்த வியர்வை இருந்தால் உட்காருங்கள். குறையாவிட்டால் 999ஐ அழையுங்கள்.

7. மூன்றாம் கல்: பழக்கமாற்றம்

என்ன செய்ய வேண்டும் என்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். தெரிந்தும் செய்ய முடியாமல் போவது ஏன் என்பதுதான் கேள்வி. அதற்கு ஐந்து உத்திகள்:

- எழுதுங்கள். சாப்பிட்டது, குடித்தது, நடந்தது எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதக் கடினமானால் பேரப்பிள்ளையிடம் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். எழுதுகிறவர்களே அதிகம் குறைக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த உண்மை.
- எடை பாருங்கள். வாரம் ஒரு முறையாவது, காலையில், ஒரே தராசில் பாருங்கள். ஒரு நாள் ஏறினால் கலங்க வேண்டாம். நான்கு வாரப் போக்கைப் பாருங்கள்.
- கண்ணிலிருந்து அகற்றுங்கள். முறுக்கு டின்னும் பிஸ்கட் டப்பாவும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தால் கை தானாகப் போகும். மேசைமேல் பழத்தை வையுங்கள்.
- சிறிய இலக்கு வையுங்கள். "இனி நன்றாக நடப்பேன்" என்பது இலக்கு ஆகாது. "திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு 15 நிமிடம் நடப்பேன்" என்பதே இலக்கு.
- முன்கூட்டியே யோசியுங்கள். கல்யாண வீடு, திறந்த இல்ல உபசரிப்பு, மழை, முழங்கால் வலி எல்லாம் வரும். அன்றைக்கு என்ன செய்வது என்று இன்றே முடிவு செய்யுங்கள். விருந்துக்குப் போகுமுன் ஒரு முட்டையும் ஒரு பழமும் சாப்பிட்டுப் போனால் கை கட்டுப்படும்.

ஒரு நாள் தவறினால் திட்டம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அடுத்த வேளைச் சாப்பாட்டிலிருந்து தொடருங்கள்.

8. ஆறு மாத அட்டவணை

- 1, 2ஆம் மாதம்: வாரம் ஒரு சந்திப்பு, மொத்தம் எட்டு. முதலில் பானங்கள், பிறகு தட்டு, பிறகு கடைச் சாப்பாடு. நடையை வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் கூட்டுங்கள்.
- 3 முதல் 6ஆம் மாதம் வரை: இரண்டு வாரத்துக்கு ஒரு சந்திப்பு, மொத்தம் எட்டு. தசைப் பயிற்சி நிலைபெற வேண்டும். இடுப்பை மறுபடி அளந்து பாருங்கள்.
- 7ஆம் மாதத்திலிருந்து: மாதம் ஒரு சந்திப்பாவது, ஓராண்டு.

எல்லாச் சந்திப்பும் கிளினிக்கில் நடக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை கிளினிக்கில் பார்க்கலாம். மற்ற வாரங்களில் முதியோர் நடவடிக்கை மையத்திலோ கோயில் மண்டபத்திலோ அடுக்குமாடி வீட்டுக் கூடத்திலோ ஐந்தாறு பேர் கூடி, எடை பார்த்து, குறிப்பேடு படித்து, ஒன்றாக நடக்கலாம்.

9. குறைந்த எடை திரும்புவது ஏன்?

திட்டம் முடிந்து தொடர்பு அறுந்துவிட்டால், குறைந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓராண்டில் திரும்பிவிடுவது வழக்கம். அது சோம்பேறித்தனம் அல்ல. எடை குறையும்போது பசியை அடக்கும் சுரப்பு குறைகிறது, பசி கூடுகிறது, உடல் சிக்கனமாகச் செலவழிக்கத் தொடங்குகிறது. உடல் பழைய எடையைத் திரும்பக் கேட்கிறது. அதனால்தான் இரத்தக் கொதிப்பைப்போல் உடல் பருமனையும் நீண்டகால நோயாகப் பார்க்கிறோம். கொதிப்பு இறங்கிவிட்டது என்று யாரும் மாத்திரையை நிறுத்துவதில்லை. அதுபோல எடை இறங்கிய பிறகும் நடை, குறிப்பேடு, மாதச் சந்திப்பு மூன்றும் தொடர வேண்டும். எடையைக் காக்க 150 நிமிடத்துக்கு மேலும் நடக்க வேண்டியிருக்கும். முடிந்தவர்கள் வாரம் 200 முதல் 300 நிமிடத்தை நோக்கிப் போகலாம்.

10. மருந்து சாப்பிடுகிறவர்கள் கவனத்திற்கு

இந்தப் பகுதியைத் தவறாமல் படியுங்கள்.

- இன்சுலின், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் எடுப்பவர்கள் உணவைக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் அதன் அடையாளம். சர்க்கரை 4க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள். திட்டம் தொடங்குமுன் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.
- இரத்தக் கொதிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு எடை குறையும்போது அழுத்தம் அதிகமாக இறங்கி, எழும்போது தலை சுற்றலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.
- ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் தைராய்டுக் குறைபாடும் எடையைக் கூட்டலாம். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
- எடை குறைக்கும் ஊசியும் மாத்திரையும் இப்போது உண்டு. அவை சிலருக்குப் பொருந்தும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே, இந்த மூன்று கல்லோடு சேர்த்து, பயன்படுத்த வேண்டும்.

"மெலிய வைக்கும் காப்பி" வேண்டாம். பாசார் மாலாமிலும் இணையத்திலும் விற்கும் சில மெலிவுப் பொருள்களில் சிபுட்ராமின் என்ற மருந்து கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்துக் காரணமாக 2010இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து அகற்றப்பட்ட மருந்து அது. மருந்து வாங்கும்போது "எம்.ஏ.எல்." என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுச்சீட்டும் உண்டா என்று பாருங்கள்.

11. கிளினிக்கில் எப்படிக் கேட்பது?

அடுத்த முறை அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கு மருந்து வாங்கப் போகும்போது, எல்லா மருந்துகளின் பட்டியலையும் ஒரு வார உணவுக் குறிப்பையும் கொண்டு போங்கள். மருத்துவரிடமோ தாதியிடமோ இப்படிச் சொல்லுங்கள்:

"சாயா நாக் தூருன்கான் பெராட் பாடான். போலே ஜும்பா பெகாவாய் டியெட்டெட்டிக்?"

எடையைக் குறைக்க விரும்புகிறேன், உணவு ஆலோசகரைப் பார்க்கலாமா என்பது இதன் பொருள். பிறகு இந்த நான்கு கேள்விகள்:

1. எனக்கு எத்தனை கிலோ இலக்கு?
2. என் மருந்துகளின் அளவை மாற்ற வேண்டுமா?
3. என் முழங்காலுக்கும் இதயத்துக்கும் எந்தப் பயிற்சி பாதுகாப்பானது? பிசியோதெரபி தேவையா?
4. அடுத்த சந்திப்பு எப்போது?

நான்காவது கேள்விக்குத் தேதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

12. வீட்டில் உள்ளவர்களுக்கு

அம்மாவுக்குத் தனிச் சமையல் செய்யாதீர்கள். எல்லாரும் அதே தட்டு முறைக்கு மாறுங்கள், உங்களுக்கும் நல்லது. "இதைத் தின்னாதே" என்று பிறர் முன்னால் சொல்லாதீர்கள். கேலி செய்தால் பெரியவர்கள் ஒளித்துச் சாப்பிடுவார்கள், மாற மாட்டார்கள். அதைவிட, வாரத்தில் இரண்டு நாள் அவர்களோடு நடந்து வாருங்கள்.

படித்ததைச் சோதித்துப் பாருங்கள்

1. ஒருவருக்கு எடை 80 கிலோ. முதல் ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைத்தால் நல்ல பலன்?
2. உணவைக் குறைத்து நடை மட்டும் போனால் மூத்தோருக்கு என்ன இழப்பு?
3. எடை இலக்கை அடைந்த பிறகு கிளினிக் சந்திப்பை நிறுத்தலாமா?
4. இன்சுலின் போடுகிறவர் சோற்றைக் குறைக்குமுன் செய்ய வேண்டியது என்ன?

*விடைகள்:* (1) 4 முதல் 8 கிலோ. (2) தசை கரையும், அதனால் தசைப் பயிற்சியும் புரதமும் வேண்டும். (3) கூடாது, மாதம் ஒரு முறையாவது தொடர வேண்டும். (4) மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

என் முதல் வாரம் (நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்)

இன்றைய தேதி: ________
என் எடை: ________ என் இடுப்பு: ________
ஆறு மாத இலக்கு (எடையில் 5 விழுக்காடு): ________
இந்த வாரம் நான் மாற்றும் ஒரு பானம்: ________
நான் நடக்கும் நாள்களும் நேரமும்: ________
என்னோடு நடப்பவர்: ________
கிளினிக் சந்திப்புத் தேதி: ________